பேசுறதுக்கு எதுக்குப் படிப்பு? - ஒரு வத்தலக்குண்டுக்காரர் கதை

மக்கள் தொடர்பு படிக்கிறேன்னு வத்தலக்குண்டுல யார்கிட்ட சொன்னாலும் அடுத்த கேள்வி ரெண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். "கலெக்டர் ஆபீஸ்ல வேலை கிடைக்குமாப்பா?" இல்லாட்டி, "அப்ப சினிமாவுக்குப் போகப் போறியா?" ரெண்டுமே நியாயமான கேள்விதான். கலெக்டர் எதைத் தொடங்கி வைத்தாலும் பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பும் மக்கள் தொடர்பு அலுவலரை நம்ம மாவட்டங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். சினிமா டைட்டிலில் "மக்கள் தொடர்பு"ன்னு ஒரு பேர் ஓடுவதும் எல்லோரும் பார்த்ததுதான். இந்த ரெண்டுக்கும் வெளியே இதை முதுகலையில் ஒரு பாடமாக வைத்து, பரீட்சை நடத்தி, பட்டமும் கொடுக்கிறார்கள் என்றால் ஊரில் சிரிக்கிறார்கள். டீக்கடைப் பெரியவர் ஒருத்தர் நேராவே கேட்டார், "பேசுறதுக்கு எதுக்குப்பா படிப்பு?"

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் கேள்வி விடவில்லை. அதற்குப் பதில் தேடிப் போனதில் கிடைத்ததுதான் கீழே. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க மக்களே.

நான் புரட்டிய பி.ஆர். பாடப்புத்தகங்களில் வரலாற்று அத்தியாயம் எல்லாம் ஒரே அச்சு. முதலில் அசோகர் கல்வெட்டு வரும். மன்னர் மக்களிடம் பேசினாராம், ஆகவே அது மக்கள் தொடர்பாம். அப்புறம் ஒரே தாவு, அமெரிக்காவுக்கு. அங்கே ஐவி லீ என்று ஒருவர். பத்திரிகையாளராக இருந்து, கம்பெனிகளுக்காகப் பத்திரிகைகளிடம் பேசும் தொழிலுக்கு வந்தவர். 1906-ல் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தத் தகராறு. 1902-ல் இதே மாதிரி ஒரு தகராறில் முதலாளிகள் பத்திரிகைக்காரர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டுக் கெட்ட பேர் வாங்கியிருந்தார்கள். இந்த முறை லீயை அமர்த்திக்கொண்டார்கள். அவர் பத்திரிகைகளுக்கு ஒரு கொள்கை அறிக்கை அனுப்பினார். நாங்கள் ரகசியமாக எதுவும் செய்யவில்லை, எல்லாம் வெளிப்படை, நாங்கள் தருவது செய்தி, விளம்பரம் அல்ல, வேண்டுமானால் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். அதே வருஷம் அக்டோபர் 28-ம் தேதி அட்லாண்டிக் சிட்டியில் ஒரு ரயில் பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்தக் காலத்து ரயில்வே கம்பெனிகள் விபத்தை மூடி மறைப்பதுதான் வழக்கம். லீ மறைக்க விடவில்லை. நிருபர்களைச் சம்பவ இடத்துக்கு அழைத்தார், நடந்ததை எழுதியும் கொடுத்தார். உலகத்தின் முதல் பிரஸ் ரிலீஸ் இதுதான்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ரெண்டு மார்க் கேள்வியில் தவறாமல் வரும்.

அமெரிக்காவை முடித்துவிட்டு இந்தியாவுக்குத் திரும்பினால், முதல் உலகப் போரில் வெள்ளைக்கார அரசு வைத்த விளம்பர வாரியம், லண்டனில் சுற்றுலாப் பயணிகளைப் பிடிக்க ரயில்வே கம்பெனி செய்த பிரச்சாரம், 1943-ல் பம்பாயில் டாட்டா தொடங்கிய பி.ஆர். துறை, 1958-ல் இந்திய மக்கள் தொடர்புச் சங்கம், 1968 ஏப்ரல் 21 டெல்லி மாநாடு. அந்தத் தேதிதான் தேசிய மக்கள் தொடர்பு தினம். அவ்வளவுதான், அத்தியாயம் முடிந்தது. அசோகருக்கும் ரயில்வேக்கும் நடுவில் இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷம் இந்த நாட்டில் யாரும் யாரோடும் பேசவே இல்லை போல.

இனி நம்ம கதை. அட்லாண்டிக் சிட்டி விபத்துக்குச் சரியாகப் பன்னிரண்டு நாள் முன்னால், 1906 அக்டோபர் 16-ம் தேதி, ஒரு தூத்துக்குடிக் கம்பெனி பதிவானது. பேர் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. வ.உ.சி.யைப் பள்ளிக்கூடத்தில் "கப்பலோட்டிய தமிழன்" என்று ஒற்றை வரியில் படித்துவிட்டு வந்துவிடுகிறோம். கம்பெனியாக அதைப் பார்த்தால் அசந்துபோவீங்க. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு 40,000. ஒரு பங்கு 25 ரூபாய். தலைவர் பாண்டித்துரைத் தேவர், மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் வைத்தவர். வ.உ.சி. உதவிச் செயலாளர். ஒரே ஆளாக 8,000 பங்கு வாங்கி 2 லட்சம் போட்டவர் ஹாஜி முகமது பக்கீர் சேட்.

பெரிய பணக்காரர் நாலு பேரிடம் வாங்கி முடித்திருந்தால் இது வெறும் வியாபாரம். 25 ரூபாய்ப் பங்கை ஊர் ஊராகப் போய் விற்க வேண்டுமென்றால் கப்பலைப் பற்றி முதலில் ஜனங்களுக்குச் சொல்லியாக வேண்டும். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவில் யார் கப்பல் ஓடினால் உனக்கென்ன என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். வ.உ.சி. பம்பாய் வரைக்கும் போய்ப் பேசினார். பாரதியின் 'இந்தியா' பத்திரிகை பின்னால் நின்றது. தமிழில் அரசியல் கார்ட்டூன் முதலில் வந்ததும் அதில்தான். வாடகைக்குக் கப்பல் கொடுத்தவர்களை எதிரிக் கம்பெனி மிரட்டிக் கப்பலைத் திரும்ப வாங்க வைத்தபோது, கொழும்பிலிருந்து வேறு கப்பல் பிடித்தார்கள். 1907-ல் காலியா, லாவோ என்று சொந்தமாகவே ரெண்டு கப்பல் வந்து சேர்ந்தது.

எதிரி சாதாரண ஆள் இல்லை. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. அவர்கள் டிக்கெட்டை ஒரு ரூபாய்க்கு இறக்கினார்கள். சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறக்கியது. உடனே அவர்கள் டிக்கெட்டே வேண்டாம், சும்மா வாங்க, ஏறுகிறவர்களுக்கு ஒரு குடையும் தருகிறோம் என்றார்கள். குடை! இன்னைக்கு ஆன்லைன் கம்பெனிகள் முதல் ஆர்டருக்குத் தரும் இலவசத்துக்கெல்லாம் தாத்தா அது. சந்தைப்படுத்தல் பாடத்தில் இதை ஒரு உதாரணமாகக்கூட யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அமெரிக்கச் சோப்பு கம்பெனிக் கதைகள்தான் வந்தன.

இதில் வத்தலக்குண்டு எங்கே வருதுன்னு கேக்குறீங்களா? 1908 தொடக்கத்தில் தூத்துக்குடிக்கு ஒரு இருபத்துமூணு வயசுப் பையன் வந்து சேர்ந்தான். 1884 அக்டோபர் 4-ல் வத்தலக்குண்டில் பிறந்தவன். பேர் சுப்பிரமணிய சிவா. (மரியாதை குறைவா எழுதுறேன்னு நினைக்காதீங்க, அந்த வயசைச் சொல்லத்தான் அப்படி. இனி 'அவர்'தான்.) ஏழைக் குடும்பம். மதுரையில் கொஞ்சம் படிப்பு, திருவனந்தபுரத்தில் கொஞ்சம். பட்டம் எதுவும் கையில் இல்லை. திருவனந்தபுரத்தில் ஒரு சபை வைத்து அரசியல் பேசிக்கொண்டிருந்தவரைத் திருவாங்கூர் அரசு வெளியே போகச் சொல்லிவிட்டது. பேசிக்கொண்டே வந்தவர் தூத்துக்குடியில் வ.உ.சி. வீட்டில் தங்கினார். தினமும் சாயங்காலம் கூட்டம்.

இந்தக் கூட்டங்களில் என்ன புதுசுன்னு இன்னைக்கு நமக்குப் புரிவது கஷ்டம். மேடை, மைக், "பேரன்புகொண்ட பெரியோர்களே" எல்லாம் காலங்காலமாக இருந்த மாதிரி நினைக்கிறோம். இருந்ததில்லை. பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்க மானுடவியல் ஆய்வாளர் மதுரையில் தங்கித் தமிழ் மேடைப் பேச்சை ஆராய்ந்தவர். 2016-ல் காலமாகிவிட்டார். அவர் விட்டுப்போன ஆராய்ச்சியை நண்பர்கள் சேர்த்து 2021-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். அதில் அவர் காட்டுவது இது: தெருவில் போகிற யாரும் நின்று கேட்கும்படியான பேச்சு நம்மிடம் முதலில் பாதிரியார்களின் பிரசங்கமாக வந்தது. அதைப் பார்த்து யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1847-ல் சைவப் பிரசங்கம் தொடங்கினார். அதாவது மதத்துக்கு அந்தப் பேச்சு வந்துவிட்டது. அரசியலுக்கு வரவில்லை. காங்கிரஸ்காரர்கள் இங்கிலீஷில் பேசினார்கள், படித்தவர்கள் கை தட்டினார்கள். 1907-ல் பிபின் சந்திர பால் சென்னைக் கடற்கரையில் பேசி ஊரையே கிளப்பிவிட்டார். அதுவும் இங்கிலீஷ்தான். சுதேசி வருஷங்களில்தான் கூலிக்காரர்களையும் வண்டிக்காரர்களையும் பார்த்து, அவர்கள் தமிழில், அரசியல் பேசுவது என்ற பழக்கமே பிடிக்கிறது. 1908-ல் தூத்துக்குடியில் சிவாவும் வ.உ.சி.யும் பேசியது அதில் முக்கியமான கட்டம்.

எங்கள் வகுப்பில் "இலக்குப் பார்வையாளரைத் தேர்வு செய்தல்" என்று ஒரு யூனிட் உண்டு. யாரிடம் பேசப் போகிறோம், அவர்கள் மொழி என்ன, எங்கே கூடுவார்கள், எத்தனை தடவை சொன்னால் மனசில் நிற்கும்... இதையெல்லாம் படம் போட்டு, அம்புக்குறி போட்டுப் படிக்கிறோம். சிவா இதில் எதையும் தாளில் எழுதியிருக்க மாட்டார். ஆனால் கடற்கரை, மில் விட்ட பிறகான சாயங்கால நேரம், பேச்சுத் தமிழ், நாள் தவறாமல் என்று எல்லாமே அங்கே இருக்கிறது.

1908 பிப்ரவரி 27. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலையை நிறுத்தினார்கள். மில் ஹார்வி கம்பெனியுடையது. விடிவதற்கு முன் போய் இருட்டின பிறகு வருகிற வேலை, வாரத்துக்கு ஒரு நாள்கூட லீவு கிடையாது, கூலி ரொம்பக் கம்மி. அதற்கு முந்தின நாட்களில் சிவாவும் வ.உ.சி.யும் இதைத்தான் மேடையில் பேசிக்கொண்டிருந்தார்கள். வேலைநிறுத்தம் தொடங்கியதும் ஊரே பின்னால் நின்றது. சாப்பாட்டுக்குப் பணம் வசூலானது. மில் பக்கம் பேசிய வக்கீல் ஒருவருக்கு நாவிதர் பாதிச் சவரத்தில் எழுந்துபோய்விட்டார் என்று ஒரு கதை இன்னைக்கும் சொல்வார்கள். மார்ச் முதல் வாரம் முடிவதற்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிற்றுக்கிழமை லீவு. ஒன்பது நாள் கணக்கு.

இங்கேதான் நான் புத்தகத்தை மூடிவிட்டு யோசித்தது. 1906-ல் ஐவி லீயும் ஒரு வேலைநிறுத்தத்தில்தான் பேர் வாங்கினார், முதலாளி பக்கம் உட்கார்ந்து. 1908-ல் சிவாவும் ஒரு வேலைநிறுத்தத்தில்தான் நின்றார், தொழிலாளி பக்கம். கிட்டத்தட்ட ஒரே காலம், ஒரே சாமர்த்தியம். ஒருவர் "மக்கள் தொடர்பின் தந்தை". இன்னொருவர் தியாகி. தியாகி என்றால் மாலை போடலாம், பாடமாக வைக்க மாட்டோம்.

லீயோட மீதிக் கதையையும் சொல்லிடறேன். 1914 ஏப்ரல் 20, கொலராடோவில் லட்லோ என்ற இடம். ராக்ஃபெல்லர் குடும்பத்துச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூடாரம் போட்டுக் குடும்பத்தோடு தங்கியிருந்தார்கள். படைவீரர்கள் சுட்டார்கள், கூடாரங்கள் எரிந்தன, குழிக்குள் பதுங்கியிருந்த பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சுத் திணறிச் செத்தார்கள். ராக்ஃபெல்லர் லீயைக் கூப்பிட்டார். லீ நாடு முழுக்க முக்கியஸ்தர்களுக்குத் துண்டறிக்கைகள் அனுப்பினார். அதில் இருந்த பல தகவல்கள் பொய். விசாரணைக் கமிஷன் முன்னால் கேட்டபோது, சுரங்க நிர்வாகம் கொடுத்ததை அப்படியே போட்டேன், சரிபார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். எட்டு வருஷத்துக்கு முன்னால் "சரிபார்த்துக்கொள்ளுங்கள்" என்று அறிக்கை விட்டவர்! எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் அவருக்கு 'விஷ ஐவி' என்று பேர் வைத்தார். ஐவி என்பது ஒரு கொடியின் பேர், 'விஷ ஐவி' என்ற பேரில் உடம்பில் பட்டால் அரிக்கும் செடி ஒன்று உண்டு. எங்கள் பாடத்தில் 1906 முழுசாக இருக்கிறது. 1914 ஒரு வரி.

சிவாவிடம் திரும்புவோம். மார்ச் 9-ம் தேதி பிபின் சந்திர பால் விடுதலையைக் கொண்டாடக் கூட்டம் நடந்தது. 12-ம் தேதி வ.உ.சி.யும் சிவாவும் கைது. மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. நகராட்சி அலுவலகம், தபாலாபீஸ், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் தீ. போலீஸ் சுட்டதில் நாலு பேர் செத்தார்கள். இந்த எழுச்சி பற்றி ஆ.இரா. வேங்கடாசலபதி எழுதிய 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' புத்தகத்துக்கு 2024-க்கான சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. படிக்காதவர்கள் தேடிப் படிங்க. நிஜமாவே துப்பறியும் கதை மாதிரி போகும்.

வழக்கு நடந்த விதம்தான் ஒரு பி.ஆர். மாணவனாக எனக்கு மறக்கவே முடியாதது. ஆதாரம் என்ன? பேச்சு. சிவா எங்கே, என்றைக்கு, என்ன பேசினார் என்று போலீஸ்காரர்கள் கூட்டத்தில் நின்று எழுதிவைத்த குறிப்புகள். இன்னைக்கு ஏஜென்சிகளில் 'மீடியா மானிட்டரிங்' என்று ஒரு வேலை இருக்கிறது. கிளையன்ட் பேர் எங்கே வந்தது, நல்லதா வந்ததா கெட்டதா வந்ததா என்று தினமும் பட்டியல் போட்டுக் காசு வாங்குவார்கள். சிவாவுக்கு அதை அரசாங்கமே செலவு பண்ணிச் செய்து கொடுத்தது. :-) அந்தப் பேச்சுகளில் இன்னைக்கு நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி, அவரைச் சிறைக்கு அனுப்ப எழுதப்பட்ட இந்தக் குறிப்புகளின் வழியாகத்தான்.

1908 ஜூலை 7-ம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். சிவாவுக்கு 10 வருஷம். வ.உ.சி.க்கு ரெண்டு ஆயுள் தண்டனை. ஒன்று அவர் பேசியதற்கு. இன்னொன்று சிவாவைப் பேச வைத்ததற்கு, அதாவது வீட்டில் இடமும் சோறும் கொடுத்து உடந்தையாக இருந்ததற்கு. ஒருத்தருக்குப் பேச இடம் கொடுத்த குற்றத்துக்கு ஆயுள் தண்டனை! மேல்முறையீட்டில் ரெண்டு பேருக்கும் தண்டனை குறைந்தது. 1912 கடைசியில் ரெண்டு பேரும் வெளியே வந்தார்கள். அதற்குள், 1911-லேயே, கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது.

இப்ப நேர்மையாக ஒரு கணக்குப் போடணும். எங்கள் பாடத்தின் கண்ணால் பார்த்தால் சிவா ஒரு தோல்வி. பெரிய தோல்வி. கப்பல் கம்பெனி பேரோடு ஒட்டிப்போன ஆள், கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத மில் தகராறில் போய்ப் பேசினார். அதிகாரிகளைச் சீண்டினார். கம்பெனியின் முக்கிய ஆள் ஜெயிலுக்குப் போக அவர் பேச்சும் காரணம். மூணு வருஷத்தில் கம்பெனி இல்லை. 25 ரூபாய் போட்டவர்கள் காசு போச்சு. ஒரு கிரைசிஸ் மேனேஜ்மென்ட் பரீட்சையில் நான் இதை எழுதினால், "பேச்சாளரைக் கட்டுப்படுத்தியிருக்க வேண்டும்" என்று எழுதினால்தான் மார்க். கம்பெனிக்குள்ளேயே அப்படி நினைத்தவர்கள் இருந்தார்கள். அரசியலை விட்டுவிட்டு வியாபாரத்தை மட்டும் பார் என்று வ.உ.சி.க்குச் சொன்ன பங்குதாரர்களை முட்டாள்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர்கள் பணம் அது.

ஆனால் மில்லில் கூலி உயர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. அரசியல் என்பது இங்கிலீஷ் படித்தவன் சமாச்சாரம் என்ற நினைப்பு தூத்துக்குடியில் உடைந்தது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது? 'மக்கள் தொடர்பு' என்ற பேரில் முதல் வார்த்தை மக்கள்தான். பலன் யாருக்கு என்று கேட்கும்போது மட்டும் அந்த வார்த்தையை விட்டுவிட்டுக் கிளையன்டைப் பிடித்துக்கொள்கிறோம்.

தொழில் இதை எப்படி அளக்கிறது என்று பயிற்சிக்குப் போனபோது கண்ணால் பார்த்தேன். சென்னையில் ஒரு ஏஜென்சி, பேர் வேண்டாம். காலையில் எல்லாப் பேப்பரையும் விரித்து, கிளையன்ட் செய்தி வந்த இடத்தை ஸ்கேல் வைத்து அளக்கணும். அத்தனை சென்டிமீட்டருக்கு விளம்பரம் கொடுத்திருந்தால் எவ்வளவு ரூபாய் ஆகியிருக்கும் என்று பெருக்கணும். அந்தத் தொகையை மாசக் கடைசியில் கிளையன்டிடம் காட்டணும், "இத்தனை லட்சத்துக்கு உங்களுக்கு விளம்பரம் வாங்கிக் கொடுத்திருக்கோம்." இந்த அளவு முறை மக்கள் தொடர்பின் மதிப்பைக் காட்டாது என்று தொழிலில் இருக்கும் பெரியவர்களே 2010-ல் பார்சிலோனாவில் கூடித் தீர்மானம் போட்டார்கள். அதை வகுப்பில் படித்துவிட்டுத்தான் போனேன். அங்கே ஸ்கேல் கொடுத்தார்கள். யார் படித்தார்கள், படித்து என்ன நினைத்தார்கள், அவர்கள் வாழ்க்கையில் ஏதாவது மாறியதா, இதற்கெல்லாம் அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

தொழிலே மோசம் என்று சொல்ல வரவில்லை. லீ அந்த ரயில் விபத்தில் செய்தது நல்ல காரியம். போலியோ சொட்டு மருந்து கொடுத்தால் பிள்ளை மலடாகிவிடும் என்று வட மாநிலங்களில் புரளி ஓடியபோது, வீடு வீடாகப் போய்ப் பேசிப் பேசியே அதை உடைத்தார்கள். 2014-ல் இந்தியாவுக்குப் போலியோ இல்லை என்று சான்று கிடைத்ததில் அந்தப் பேச்சுக்கும் பங்கு உண்டு. அதுவும் இந்தப் பாடம்தான்.

படிப்பு இல்லாமலே இதைச் செய்தவர்களும் நம்மிடம் ஏராளம். 1958-ல் இந்திய மக்கள் தொடர்புச் சங்கம் தொடங்கிய அதே வருஷம்தான் 'நாடோடி மன்னன்' வந்தது. அதன் ஸ்டில்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்த போட்டோகிராபர் ஆனந்தன், ஃபிலிம் நியூஸ் ஆனந்தனாகி, தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. ஆனார். அடுத்த வருஷம், 1959 ஜனவரியில், வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கினார். பின்னாளில் புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக நேரில் போய் விற்றார். எங்க ஊர்த் தண்ணியில என்னமோ இருக்கு போல. 'பிரபுத்த பாரத' பத்திரிகைக்கு முதல் ஆசிரியரான பி.ஆர். ராஜமய்யரும், 'மணிக்கொடி'யைச் சிறுகதைப் பத்திரிகையாக நடத்திய பி.எஸ். ராமையாவும்கூட வத்தலக்குண்டுதான். (ராஜமய்யருக்கு இனிஷியலே பி.ஆர்.! சும்மா ஒரு ஜோக்.)

அப்ப டீக்கடைப் பெரியவர் சொன்னது சரியா? பேசுவதற்குப் படிப்பு வேண்டாம்தான். சிவாவே சாட்சி. எனக்குப் படிப்பு தேவைப்படுவது வேறு இடத்தில். பேசச் சொல்லிக் காசு கொடுக்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் நலன் முட்டிக்கொள்ளும்போது என்ன செய்வது என்று யாராவது சொல்லிக்கொடுக்கணும். அதைத்தான் பல்கலைக்கழகம் கடைசி யூனிட்டில் 'நெறிமுறைகள்' என்று தள்ளி வைத்திருக்கிறது. செமஸ்டர் முடிகிற அவசரத்தில் அந்த யூனிட் பாதி நேரம் நடத்தப்படுவதே இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் படிப்பு வந்தது 1947-ல். அரசு டெல்லியில் வெகுஜனத் தொடர்புக்கென்று தனி நிறுவனம் வைத்தது 1965-ல். இவ்வளவு காலம் ஆகியும் நம்ம உதாரணங்களை நாம் எழுதிக்கொள்ளவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

மாணவர்களை இது நேராகவே தொடும் விஷயம். 2012-ல் வேதாந்தா நிறுவனம், தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையின் தாய் நிறுவனம், தன்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் உண்டாக்க ஒரு பெரிய பிரச்சாரம் தொடங்கியது. மகிழ்ச்சியை உருவாக்குகிறோம் என்பது அதன் பேர். டி.வி. விளம்பரம் போக, இளம் படைப்பாளிகளுக்குக் குறும்படப் போட்டியும் வைத்தார்கள். கம்பெனி செய்யும் சமூகப் பணியைப் படமாக எடுக்க வேண்டும். ஒடிசா நியமகிரி மலையில் பழங்குடியினர் அந்தக் கம்பெனியின் சுரங்கத்தை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்த நேரம். எதிர்ப்பு கிளம்பியதும் ஷ்யாம் பெனகலும் குல் பனாகும் நடுவர் குழுவிலிருந்து விலகிக்கொண்டார்கள். படம் எடுத்த பசங்களில் எத்தனை பேர் நம்மை மாதிரி ஏதோ ஒரு கல்லூரியில் ஊடகம் படித்துக்கொண்டிருந்தவர்களோ! பரிசு, சான்றிதழ், பயோடேட்டாவில் ஒரு வரி. எனக்கு அந்த அழைப்பு வந்திருந்தால் போயிருப்பேனா மாட்டேனா என்று எந்தப் பாடமும் என்னை யோசிக்க வைத்ததில்லை. ஆறு வருஷம் கழித்து, 2018 மே 22-ம் தேதி, அதே தூத்துக்குடியில், ஆலையை மூடச் சொல்லி ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் சுட்டது. 13 பேர் செத்தார்கள். ஆலை மூடப்பட்டது. திறக்கக் கேட்டுப் போன மனுவை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கோரல் மில்லுக்காக ஊர் கூடிய தூத்துக்குடி, 110 வருஷம் கழித்து.

நான் கேள்வித்தாள் தயாரித்தால் 15 மார்க்குக்கு இதைத்தான் வைப்பேன்: "1908 மார்ச் முதல் வாரம். நீங்கள் சுதேசிக் கப்பல் கம்பெனியின் மக்கள் தொடர்பு அலுவலர். பங்குதாரர்கள் சிவாவை நிறுத்தச் சொல்கிறார்கள். மில் தொழிலாளர்கள் இன்று மாலை கடற்கரையில் காத்திருக்கிறார்கள். என்ன செய்வீர்கள்?" அமெரிக்க உதாரணம் எதுவும் மேற்கோள் காட்டக்கூடாது.

சிவா என்ன செய்தார் என்பது தெரிந்ததுதான். சிறையிலிருந்து தொழுநோயோடு வந்தார். வந்த மறு வருஷம், 1913-ல், 'ஞானபாநு' பத்திரிகை தொடங்கினார். நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்று தடை வந்தது. கட்டை வண்டியிலும் நடந்தும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1925 ஜூலை 23-ம் தேதி தர்மபுரிப் பக்கம் பாப்பாரப்பட்டியில் இறந்தார். அப்போது நாற்பது வயசு முடிந்து ஒன்பது மாசம்.

தூத்துக்குடிப் பக்கத்து மக்களே, உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது அந்த இலவசக் குடையைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தா கீழே எழுதுங்க. குடையை வாங்கிக்கிட்டு எட்டணா கப்பல்ல ஏறிப் போனவங்க கதை ஒண்ணாவது எங்கயாச்சும் இருக்கணுமே.